உப்புத்தாள்

உமர் பாரூக் வலது கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு கடியாரத்தைக் கையில் எடுத்ததும், மாசாணம் தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். முப்பது வருசம் சுவர் இடித்த கைகள். சுண்ணாம்பு தின்று தின்று விரல் நுனியில் ரேகை இல்லை. ரேசன் கடையில் விரல் வைத்தால் மிசின் இப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடும். பிறகு சம்சாரம் பொன்னாத்தாள் வந்து விரல் வைத்துத்தான் அரிசி வாங்க வேண்டும். அந்தக் கைகளை இந்தக் கடையில் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடை ஒரு கட்டில் அகலம்தான். டவுன்ஹாலிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், செல்போன் கவர் விற்கும் இரண்டு கடைகளுக்கு நடுவே இருந்தது. சுவர் முழுக்கக் கடியாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தைக் காட்டின. உமர் பாரூக்குக்கு இவர் வயசுதான் இருக்கும். பழைய கடியாரங்களை வாங்கிச் சரிசெய்து, மகள் ரம்ஷாவைப் படம் எடுக்கச் சொல்லி, வெளியூர்க்காரர்களுக்கு விற்பவர் என்று யாரோ சொல்லித்தான் மாசாணம் தேடி வந்திருந்தார். அரை நாள் கூலி போயிற்று.

"இது எங்கீங்க கெடச்சுது?"

"எங்க அப்பாருதுங்க பாய்."

வரும்போதே பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பொய். உமர் பாரூக் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சின்னக் கத்தியால் பின்மூடியை நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம்.

"பாக்கெட் வாட்சுங்க. சுவிஸ் மிசினு. இங்க பாருங்க, ஒரு கரடி நிக்குதுங்களா?" லென்ஸைக் கழற்றி நீட்டினார். மாசாணம் வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்து அதை வாங்கிக் கண்ணில் வைத்தார். உளுந்தில் பாதிகூட இல்லாத இடத்தில் ஒரு கரடி இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது. "கரடி முத்தர இருந்தா நல்ல வெள்ளி. மேல பூசுனது இல்ல. மூஞ்சி பீங்கான். மூணு மணிகிட்ட மயிராட்ட ஒரு விரிசல், அது பரவால்ல. நம்பரப் பாத்தா நூறு வருசத்துக்கு மேலயே இருக்கும். பதினஞ்சு கல்லுன்னு போட்டிருக்குது."

"கல்லுங்களா?"

"ஆசப்படாதீங்க. சக்கரம் தேயாம சுத்தறதுக்கு வெக்கிற செவப்புக் கல்லு. வித்தா ஒரு வடைக்குக் காணாது." சிரித்துக்கொண்டே கடியாரத்தின் தலையிலிருந்த குமிழை மெல்லத் திருகினார். காதில் வைத்தார். மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். டிக் டிக் என்றது. எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். நின்றுபோயிற்று. "படுக்க வெச்சா ஓடுது. நிக்க வெச்சா நின்னுக்குது. அச்சு தேஞ்சிருக்கு, எண்ணெயும் காஞ்சு கெடக்கு. சரி பண்ணலாம்." பிறகு மூடியின் உள்விளிம்பைக் காட்டினார். அங்கே ஊசியால் கீறினதுபோல் பொடிப்பொடியாக எண்கள். "இது ரிப்பேர் பண்ணுனவங்க போட்டு வெக்கிற கணக்கு. பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வருசம் தவறாம கொண்டுபோயிக் கழுவியிருக்காரு. கொழந்தையாட்ட வெச்சிருந்திருக்காரு உங்க அப்பாரு."

மாசாணம் தலையை ஆட்டினார். தன் அப்பாருவுக்கு நேரம் பார்க்கச் சூரியனும் மில் சங்கும் மட்டும்தான் இருந்தன.

உமர் பாரூக் இரண்டாவது மூடியைத் திறந்தார். மிசினை மூடியிருந்த உள்மூடி. அதைத் திறந்தவர் அப்படியே நிறுத்தி, விளக்கைக் கிட்டே இழுத்துச் சாய்த்துப் பிடித்தார். மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தில் கருத்திருக்க, நடுவில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாகக் கீறல் கீறலாக இருந்தது.

"இது என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"துருப் புடிச்சிருந்துதுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

"வெள்ளி எங்கீங்க துருப் புடிக்குது?"

பக்கத்துக் கடையில் யாரோ செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாசாணம் அதைக் கேட்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடியாரம் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. சிங்காநல்லூரில் அழகிரிசாமி ஐயாவுடைய பழைய வீட்டை இடிக்கும் வேலை. பிளாட் கட்டப்போகிறார்கள். தேக்கும் பழைய செங்கல்லும் விலை போகும் என்பதால் கையாலேயே பிரிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். முதல் நாளே அழகிரிசாமி ஐயா தென்னை மரத்தடியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுபத்தெட்டு வயசு. சம்சாரம் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். தன் வீடு கீழே இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முதல் நாள் எல்லோரையும் விட்டுவிட்டு மாசாணத்தை மட்டும் கூப்பிட்டார். "ஏப்பா, நீதான் வயசுல மூத்தவனாத் தெரியற. இந்த ஊட்டுல ஏதோ ஒரு செவுத்துக்குள்ள ஒரு சங்கிலிக் கடியாரம் வெச்சுப் பூசியிருக்குது. கெடச்சா என்ற கையில குடு. வேற ஆருகிட்டயும் குடுக்காத."

மூன்றாம் நாள், நடுரூம் சுவரில், பூசி மறைத்திருந்த ஒரு விளக்கு மாடத்தை மாசாணத்தின் கடப்பாரைதான் திறந்தது. உள்ளே பொடி டப்பா. டப்பாவுக்குள் துணி. துணிக்குள் கடியாரம். சுற்றிலும் தூசி புகைபோல நின்றது, கூட வேலை செய்யும் கதிரேசன் அந்தப் பக்கம் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருசத்தில் எத்தனை சுவர், எத்தனை வீடு. தேக்கு மேஸ்திரிக்கு, இரும்பு பழைய இரும்புக்காரனுக்கு, பித்தளைத் தாழ்ப்பாள் வீட்டுக்காரருக்கு. இவருக்கு நெஞ்சுக்குள் போன தூசி மட்டும். மகள் கயல்விழி பல்லடத்தில் ஒரு கம்பெனி ஆபீசுக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். ஒரு பழைய ஸ்கூட்டி இருந்தால் பிள்ளை பொழுது இருக்கும்போதே ஊடு வந்து சேரும் என்று நினைத்தார். இதெல்லாம் பிற்பாடு யோசித்துச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை. கை தானாகப் போய்ச் சோற்றுத் தூக்குப்போசியின் மூடியைத் திறந்தது. சாயந்தரம் கதிரேசன், "என்ன மாசாணண்ணா, சோத்தத் தின்ன பொறவும் போசி கனமாட்டம் இருக்குது? ஊட்டுக்குச் செங்கல்லு கடத்தறீங்களா?" என்று கேலி பேசினான். எல்லோருடனும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

அன்று கிளம்பும்போது அழகிரிசாமி ஐயா கேட்டார். "கெடச்சுதாப்பா?"

"இல்லீங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் இவர் 'இல்லீங்க' என்றார். சொன்ன பொய்யிலும் ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டில் திறந்து பார்த்தபோதுதான் உள்மூடியில் எழுத்து இருந்தது தெரிந்தது. மாசாணம் எழுத்துப் படித்தது முப்பத்தாறு வயசில். கயல்விழி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துப் படித்தது; அவள் எதிரே உட்கார்ந்து எழுதுவாள், இவர் இந்தப் பக்கம் இருப்பார். அதனால் வெகுநாள் வரைக்கும் எழுத்தைத் தலைகீழாகத்தான் அவருக்குத் தெரியும். இப்போதும் எதையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் கூட்டுவார். கடியாரத்தில் இருந்ததையும் அப்படித்தான் கூட்டினார். சி என்று இருந்தது. பக்கத்தில் ன. அப்புறம் வால் சுருண்ட ஒரு பூ. அதையடுத்து னு, க, கு. இரண்டாம் வரியில் வே, அதற்கடுத்து யானை தும்பிக்கையைத் தூக்கினதுபோல் ஒரு படம். அதற்கப்புறம் மெ, ச, சி, இன்னும் சில எழுத்து. எங்கும் ஒரு புள்ளி இல்லை. எத்தனை தரம் கூட்டினாலும் சொல்லாக வரவில்லை. அழகிரிசாமி என்று இல்லை. அந்தப் பெயரை வாசல் கல்லில் படித்திருக்கிறார். அவருடைய ஐயன் பெயராக இருக்கும், தாத்தா பெயராக இருக்கும். என்னவாக இருந்தாலும் எழுத்து என்றால் ஒருத்தர் பெயர். பெயர் இருந்தால் கடைக்காரன் கேட்பான், போலீசும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடித்தது போக மீந்து கிடந்த உப்புத்தாளைக் கிழித்துத் தேய்த்தார். "என்னத்தைங்க அப்பிடித் தேய்க்கறீங்க?" என்று பொன்னாத்தாள் கேட்டாள். "அழுக்கு" என்றார்.

"முழுசும் போகலீங்க," என்றார் உமர் பாரூக். லென்ஸோடு குனிந்திருந்தார். "இங்க ஒரு சுழி நிக்குது. ஆழமா வெட்டியிருக்கான் ஆசாரி."

"அது பூவுங்க பாய். எழுத்துக்கு நடுவால ஒரு பூ போட்டிருந்துது."

"பூ இல்லீங்க. எழுத்து." அவர் நிமிர்ந்தார். "என்ன இருந்துதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? எழுத வருமா?"

வரும். அத்தனை தரம் விரல் வைத்துக் கூட்டின எழுத்து, கண்ணை மூடினாலும் வந்து நின்றது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், நீட்டின பென்சிலால், ஒன்றொன்றாக வரைந்தார். ஒன்றுக்கும் புள்ளி வைக்கவில்லை, இருந்தபடியே எழுதினார். பூவை வரைந்தார். தும்பிக்கையை வரைந்தார். உமர் பாரூக் காகிதத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு முனகினார். அப்புறம் பென்சிலை வாங்கி அங்கங்கே புள்ளி வைத்தார்.

"எங்க அத்தா இந்தக் கடை நோட்டெல்லாம் இந்தப் பழைய எழுத்துலதான் எழுதுவாரு. அதனால எனக்குத் தெரியும். இப்பிடி ன-வுக்கு வாலு சுத்துனா அது னா. முந்தி அப்பிடித்தான் போடுவாங்க. இந்தத் தும்பிக்கை இருக்குதே, லை. இப்ப நீங்க சேத்திப் படிங்க."

மாசாணம் விரலை வைத்தார். சி. ன். னா. னு. க். கு. சின்னானுக்கு. விரல் இரண்டாம் வரிக்கு இறங்கியது. வே. லை. அங்கே நின்றுவிட்டது.

வேலை. விடிந்தால் பொழுதுபோனால் வாயில் இருக்கும் சொல். வேலைக்குப் போறேன், வேலை இருக்குதுங்களா, வேலை இல்லை. கயல்விழி எழுதச் சொல்லிக் கொடுத்த முதல் சொற்களில் ஒன்று. லகரத்துக்கு முன்னால் இரண்டு சுழி, அதுதான் லை, மறந்துபோடாதீங்கப்பா என்பாள். அந்தச் சொல்தான் அதில் இருந்தது. அதை யானை என்று நினைத்துத் தேய்த்திருக்கிறார்.

"சின்னானுக்கு, வேலை மெச்சித் தந்தது," என்று உமர் பாரூக் ஒரே மூச்சில் படித்தார். "அருமையான சாமானுங்க. இங்கிலீசுல பேரு வெட்டுனது நெறையா வரும். தமிழுல, அதுவும் வேலைக்காக ஒரு ஆளுக்குக் குடுத்தது, நான் பாத்ததே இல்ல. இந்த எழுத்து இருந்திருந்தா முப்பதாயிரத்துக்குக் கொறையாம தந்திருப்பேனுங்க. இப்ப வெள்ளி எடையும் மிசினும்தான். எட்டு தாரேன்." பிறகு தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். குத்தலாகக் கேட்டது மாதிரி இல்லை. புரியாமல் கேட்டது மாதிரிதான் இருந்தது. "உங்க அப்பாருதுன்னுதான சொன்னீங்க? அப்ப உங்க அப்பாரு பேரத்தான் தேச்சுப்போட்டீங்களா?"

மாசாணம் கடியாரத்தை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"ஒரு ஆளக் கேட்டுட்டு வாரேனுங்க பாய்."

"ஆர?"

அதற்குள் படியிறங்கிவிட்டார்.

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் துண்டுக்குள் கடியாரம் படுத்திருந்தது. படுத்திருந்ததால் ஓடிக்கொண்டும் இருந்தது. தொடையில் அதன் துடிப்பு தெரிந்தது. சின்னான். அழகிரிசாமி ஐயா மாதிரி நாயக்கர் வீட்டுப் பெயர் இல்லை. அவர்களில் யாரும் பிள்ளைக்குச் சின்னான் என்று பெயர் வைக்க மாட்டார்கள். அது இவருடைய தெருவில் வைக்கிற பெயர். சித்தப்பன் ஒருத்தன் சின்னான், கிணறு வெட்டப்போய் மண் சரிந்து செத்தவன் ஒருத்தன் சின்னான். அப்படியென்றால் இது அழகிரிசாமி ஐயாவுடையது இல்லை. வேலை செய்த ஒருத்தனுடையது, வேலை செய்கிற இன்னொருத்தன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? வழியில் ராமநாதபுரம் ஸ்டாப் தாண்டுகிற வரைக்கும் அது நியாயமாகவே பட்டது. அதற்கப்புறம் உமர் பாரூக்கின் கேள்வி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது. உங்க அப்பாரு பேரத்தான் தேச்சுப்போட்டீங்களா.

வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு சுவர்தான் மிச்சம் இருந்தது. நடுரூமின் மேற்குச் சுவர், நீலச் சுண்ணாம்பு அடித்தது. நாளைக்கு ஜேசிபி வந்து அதையும் அடித்தளத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கதிரேசனும் மற்றவர்களும் செங்கல்லைக் கை மாற்றி லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தென்னை நிழல் நகர்ந்திருக்க, அழகிரிசாமி ஐயாவும் சேரோடு நகர்ந்திருந்தார்.

"டவுனுக்குப் போனயாமா? கதிரேசன் சொன்னான். ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லீங்க. ஒரு சோலிங்க."

"உக்காரு. டீ குடி." பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தன் மூடியிலேயே நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் மாசாணம் வாங்கிக்கொண்டார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். டீ சூடாக இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் துண்டுக்குள் இருந்தது கனத்தது.

"இன்னிக்கும் இல்லையாப்பா?"

இன்றைக்கு அந்த 'இல்லீங்க' வரவில்லை. மாசாணம் டீயை ஊதினார். அழகிரிசாமி ஐயா அவர் பதிலை எதிர்பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார்.

"எங்க சொத்துன்னு நெனச்சிருப்பீங்க எல்லாரும். எங்குளுது இல்லப்பா. எங்கய்யன் கையில மில்லு இருந்தப்ப பாய்லர் பாத்த ஆளு ஒருத்தரு. உங்க பக்கத்து ஆளுதான். வெள்ளக்கார இஞ்சினியர் ஊருக்குப் போறப்ப அவனோட கடியாரத்துல இவரு பேர வெட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். அவரு அத மடியில கட்டிட்டுத்தான் வேலைக்கு வருவாரு. ஒரு நாள் எங்கய்யன் பாத்துட்டாரு. உனக்கு ஏதுடா கடியாரம்னு புடுங்கிட்டு அடிச்சாரு. இந்தா, நீ உக்காந்திருக்கயே, அந்த எடத்துல. எனக்கு எட்டு வயசு."

மாசாணம் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"அந்த ஆளு அழுகுல. என்ன சொன்னாரு தெரியுமா? எம்பேரு போட்டிருக்குதுங்க சாமி, தொறந்து படிச்சுப் பாருங்க சாமி. இதேதான் திரும்பத் திரும்ப. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பேரு எங்க இருக்குதுன்னு தெரியும்."

"பெரியவரு படிச்சுப் பாத்தாருங்களா?"

"பாத்தாரு. நான் பக்கத்துல நின்னேன். தொறந்து, படிச்சு, மூடுனாரு. மூடிட்டு மறுக்கா அடிச்சாரு."

அழகிரிசாமி ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மக்காநாளு பொழுது விடிஞ்சதுமே குடும்பத்தோட கெளம்பிட்டாங்க. அந்தியூருன்னாங்க, கோபின்னாங்க. எங்கய்யன் கொத்தனார வெச்சு அதச் செவுத்துக்குள்ள பூசிட்டாரு. எந்தச் செவுருன்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு தைரியமும் இல்ல. அவரு செத்ததுக்கப்புறமும் செவுத்த ஒடைக்க மனசு வல்ல. ஊடு கெட்டுப்போகும்ல? எழுவது வருசம் இதுக்குள்ளயே தின்னு தூங்கிட்டு, பிளாட் கட்ட இடிக்கறப்பத்தான் தேடறேன் பாரு. நானெல்லாம் ஒரு மனுசன்."

"பேரு நாவகத்துல இல்லீங்களா?"

"பேரு சொல்லி எங்கப்பா கூப்பிட்டோம்? டேய் பாய்லரு, அவ்வளவுதான். பேரு அதுலதான் இருக்குது. அது கெடச்சா ஒரு ஆளப் போட்டு அந்தப் பக்கமெல்லாம் விசாரிக்கலாம். பேரனோ பேத்தியோ இருப்பாங்க. பேரே இல்லாம எந்த ஊருல போயி, ஆருன்னு கேக்கறது?"

அந்தப் பெரிய நாயக்கர் அடித்தார், பிடுங்கினார், சுவருக்குள் வைத்துப் பூசினார். ஆனாலும் பெயரை விட்டுவைத்திருந்தார். இருட்டுக்குள் எழுபது வருசம் அந்த எழுத்து அப்படியேதான் இருந்தது, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு. வெளிச்சத்துக்கு வந்த ஆறாம் நாள் அது போய்விட்டது. இத்தனைக்கும் அந்த ஆள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தொறந்து படிச்சுப் பாருங்க.

பேசாமல் இருந்துவிடலாம். நாளைக்கு ஜேசிபி வந்தால் எல்லாம் மண். எட்டாயிரத்துக்கு மேல் கொஞ்சம் போட்டால் ஒரு பழைய வண்டி வந்துவிடும். கயல்விழி அதில் ஏறிப் போகும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். வண்டி வந்தது, பிள்ளை வந்தாள். முகம் மட்டும் தேய்த்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

துண்டைப் பிரித்தார். கடியாரத்தை அழகிரிசாமி ஐயாவின் உள்ளங்கையில் மல்லாக்க வைத்தார்.

அந்தக் கிழவர் நகத்தால் நெம்பி முதல் மூடியைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே கொண்டுபோனார். வெயில் பட்டு அந்த வெள்ளைக் கீறல் அவர் கன்னத்தில் ஒரு சின்ன வட்டமாக அடித்தது.

"பேரு?"

"இருந்துதுங்க."

"இருந்துதுன்னா?"

"நாந்தானுங்க தேச்சுப்போட்டேன். ஒம்பது நாளா என்றகிட்டத்தான் இருந்துதுங்க."

செங்கல் கை மாறுவது நின்றுவிட்டது. கதிரேசன் இரண்டு கல்லைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் தூக்குப்போசி ஞாபகம் வருவது மாசாணத்துக்கு இங்கிருந்தே தெரிந்தது. நாளைக்கு எல்லா வேலையிடத்திலும் இதுதான் பேச்சாக இருக்கும். மேஸ்திரி இனிமேல் கூப்பிட மாட்டார்.

"ஏன்டா தேச்ச?" அழகிரிசாமி ஐயாவுடைய குரல் இதுவரைக்கும் கேட்டிராத மாதிரி இருந்தது. அந்த 'டா' எழுபது வருசத்துக்கு முன்னாலிருந்து வந்ததுபோல் வந்து விழுந்தது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன் தேச்ச, மாசாணம்?"

"எழுத்துன்னு தெரிஞ்சுதுங்க. அதனாலீங்க. தெரியாமயே இருந்திருந்தா அப்பிடியே விட்டிருப்பனுங்க."

காலடியில் கிடந்த உடைந்த செங்கல் துண்டொன்றை மாசாணம் எடுத்தார். மிச்சம் நின்ற நீலச் சுவருக்கு நடந்தார். பெயரை வாயாலேயே சொல்லிவிடலாம், இரண்டு நொடி வேலை. ஆனால் தேய்த்தது வாய் இல்லை. செங்கல்லைச் சுவரில் ஊன்றினார். சி போட்டார். ன போட்டார். புள்ளி வைக்கவில்லை, இருந்தது எப்படியோ அப்படி. அடுத்த ன-வின் வாலைச் சுருட்டிக் கீழே இறக்கி மேலே கொண்டுவந்தார். பின்னால் பிளாஸ்டிக் சேர் நகரும் சத்தம் கேட்டது. அழகிரிசாமி ஐயா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். கடியாரத்தைச் சாய்த்துவிடாமல் உள்ளங்கையை மட்டமாகப் பிடித்திருந்தார், அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. சிறுபிள்ளையில் படித்த எழுத்து, அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வரிக்கு மாசாணம் குந்தவைத்து உட்கார வேண்டியிருந்தது. வே போட்டார். அப்புறம் கையைத் தூக்கி, அந்தத் தும்பிக்கையை எங்கே தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்தார். கூரையில்லாத சுவர். மேலே வானம் நேராகத் தெரிந்தது. செங்கல் பொடி மணிக்கட்டில் சிவப்பாக இறங்க, வளைவை மெல்ல மேல்நோக்கி இழுக்கத் தொடங்கினார்.